திரை போட்ட கதிரை

மழைக்கு முன்னர் கராம்பு மூட்டைகளை மேடையில் ஏற்றி அடுக்கவேண்டும் என்று இன்று காலை பின்கட்டுக் களஞ்சியத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தேன். நாட்டாமிகள் நாலு பேர் மூட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையை அகற்றியபோது அடியிலிருந்து உன் கதிரை வந்தது.

"மொதலாளி, இது என்னாங்க, ரெண்டு பக்கமும் இரும்பு வளையம் போட்டிருக்கு? கதிரையா, பல்லாக்கா?" என்று ஒருவன் கேட்டான். புதியவன். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து போன மாதம்தான் இறங்கி வந்தவன். "ஒடச்சா நாலு நாளைக்கு வெறகாவும்" என்றும் சொன்னான். பழையவன் அவனுடைய காலை மிதித்தான். அதை நான் காணாதது போல் இருந்தேன்.

"சுவரோடு வை" என்றேன்.

அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். பிரம்பு இருக்கையில் கராம்பு வாசம் ஊறிக் கிடந்தது. நீ அதில் இருந்தது ஒரே ஒரு நாள். அதில் உன் வாசம் இருக்கும் என்று குனிந்து முகர்ந்தது என் மடத்தனம். திரைத்துணியின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. கம்பியில் வளையங்கள் துருப்பிடித்திருந்தாலும் ஓடின. என்ன நினைத்தேனோ, ஏறி உட்கார்ந்தேன். நாலு பக்கமும் திரையை இழுத்துவிட்டேன்.

பகல் பத்து மணி வெளிச்சம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் துணியும் அதன்மேல் விழுந்த வெளிச்சமும்தான் தெரிந்தன.

மிளகு வாங்கினால் ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன். கராம்பு வாங்கினால் நகத்தால் கீறி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பேன். சாதிக்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்காமல் ஒரு காய் வாங்கியதில்லை. உன்னை வைத்துத் தூக்க நானே சொல்லிச் செய்வித்த கதிரையில் மட்டும் ஒருதரம் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆன பிறகு, இன்றைக்குத்தான் தோன்றியது.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதி ஆருக்கிட்டக் கொடுக்கப் போறீங்க என்று நீ கேட்பாய். கொடுக்க ஆளில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

நான் கண்டிக் கடைவீதிக்கு வந்தது முதலாளியாக அல்ல என்பது ஊருக்கே தெரியும். மூட்டை சுமக்கும் நாட்டாமியாக வந்தேன். இப்போது என் பெயர்ப்பலகை தொங்கும் இதே கடையின் படிகளில், பத்து வருஷம், முதுகில் சாக்கைப் போட்டு மிளகும் கொக்கோவும் ஏற்றி இறக்கினேன். பிறகு மெல்ல மெல்ல வாங்கி விற்று மேலே வந்தேன். வந்த நாளில் எனக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டேன். இனி இந்த முதுகில் எந்தப் பாரமும் ஏறாது. அதற்காகத்தான் நேராக நடந்தேன். கோட்டுப் போட்டேன். துருக்கித் தொப்பி வைத்தேன்.

தெல்தோட்டைக்கு அப்பால் உன் ஊருக்குக் கராம்பு வாங்க வந்தபோது உன்னைப் பேசி முடித்தார்கள். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானோ கடையை விட்டுவிட்டு வர ஏலாது என்று சொல்லி, உன்னைக் கண்டிக்கு, கடைக்கு மேலே இருந்த மாடிக்குக் கொண்டுவந்தேன். உன் உம்மா, என் மாமி, அதற்குச் சம்மதித்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். "பெருநாளைக்குப் பெருநாளாவது புள்ளையக் கொண்டாந்து காட்டுங்க மகன். வேற ஒண்டும் எனக்கு ஓணாம்." கொண்டு வருகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். வியாபாரத்தில் ஒருநாளும் வாக்குத் தவறாதவன் என்றுதான் எனக்குப் பெயர்.

முதல் மூன்று வருஷம் தவறவில்லை. நீ நடந்தாய் அப்போது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் எனக்கு முன்னால் ஓடுவாய். ஓயா என்ற அந்தச் சிற்றாற்றின் மேல் போட்டிருந்த ஒற்றை மரப் பாலத்தில் நான் கைகளை விரித்துக்கொண்டு அடிமேல் அடி வைப்பேன். நீ அக்கரையில் நின்று, "கண்டி முதலாளிக்குக் காலு நடுங்குது" என்று சிரிப்பாய்.

பிறகு அந்தப் பிரசவம். பிள்ளையும் தங்கவில்லை, பிந்திய காய்ச்சலில் உன் கால்களும் போயின. ஒரு மாதம், இரண்டு மாதம், எண்ணெய், ஒத்தடம், ஓதிப் பார்த்தது எல்லாம் ஆயிற்று. வாவிக்கரைப் பக்கம் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் உன் பாதத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து படியில் நின்றபடி சொன்னார்.

"ஐயா, உண்மையைச் சொல்லுறன், குறை நினையாதேங்கோ. நடக்கிறதை மறந்துபோடுங்கோ. தூக்கப் பழகுங்கோ."

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் இருக்குமட்டும்" என்றார்.

பழகினேன். நாலு சுவருக்குள் பழகினேன். சுபஹுத் தொழுகை முடிந்ததும் உன் கட்டிலுக்கு முதுகு காட்டிக் குந்துவேன். நீ பின்னாலிருந்து கைகளைக் கொண்டுவந்து என் கழுத்தில் பின்னிக்கொள்வாய். உன் கால்களை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்து எழுந்து குசினிக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு முன்னால் போட்ட தாழ்ந்த பலகையில் இறக்குவேன். அங்கே இருந்தபடியே நீ எல்லாம் செய்தாய். மூட்டை தூக்கிய உடம்புக்கு நிறை தன்னால் தெரியும். ஒருநாள் எழுந்து நின்றதும் பழக்க தோஷத்தில், "எண்பது இறாத்தலும் வராது" என்று வாய்விட்டுவிட்டேன்.

"சாக்கின்ட நிறையைக் கழிச்சிட்டுக் கணக்குச் செல்லுங்க" என்றாய், உன் சேலையை இழுத்துக் காட்டி.

சிரித்துக்கொண்டேதான் கடைக்கு இறங்கினேன். அப்படியும் நாட்கள் இருந்தன என்று இப்போது நினைத்துப் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இல்லை. வீட்டுக்குள் என் முதுகு உன்னுடையது. வாசற்படிக்கு வெளியே அது கண்டி முதலாளியின் முதுகு. அப்போதெல்லாம் அந்தப் படியைத் தாண்டி ஒருநாளும் உன்னை நான் சுமக்கவில்லை. நாலு வருஷம் நீ மாடியை விட்டு இறங்கவில்லை. எட்டுப் பெருநாள் வந்து போயின.

மாமி முதலில் ஆள் அனுப்பிக் கேட்டார். பிறகு கேட்பதை விட்டார். கடைசியில் உன் தம்பி வந்தான். மண்வெட்டி பிடித்த கை, செருப்பில்லாத கால். கடையில் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே நேராக வந்து சொன்னான்.

"மச்சான், உம்மாக்கு மிச்சம் ஏலாது. தண்ணி மட்டும்தான் எறங்குது. தாத்தாவக் காட்டுங்க எண்டு கெடக்கிறா. நான் நாளைக்குக் காலையில பஸ்ஸடிக்கு வந்து நிக்கிறன். முதுகுல தூக்கிக்கொண்டு குறுக்கால போயிடுவன். வெத்திலை போட்டுத் துப்புற நேரம்."

எங்கள் வாயில் தாத்தா என்றால் அக்கா. அவன் தன் அக்காவைத் தான் தூக்குகிறேன் என்றான். மார்க்கத்திலும் தடையில்லை, ஊரிலும் தடையில்லை. ஆனால் வாடிக்கைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"என் பெண்சாதியை ஆட்டுக்குட்டி மாதிரி முதுகில் போட்டுக்கொண்டு போகவேண்டிய கதி எனக்கு வரவில்லை. நீ வரவேண்டாம். நான் தக்கபடி கொண்டு வருகிறேன்" என்றேன்.

அவன் வாசலுக்குத் திரும்பினான். "சரி மச்சான். கெதியா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மாடியில் ஜன்னலோரம் நீ இருந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்திருக்கும். அன்று இரவுச் சோற்றைப் போடும்போது நீ கேட்டது ஒன்றுதான். "மிளகு மூட்டைய விட நான் லேசுதானே?"

அடுத்த நாளே தச்சனைக் கூப்பிட்டு இந்தக் கதிரைக்குச் சொன்னேன்.

ஒன்பது நாள் எடுத்தான். தேக்கு மரக் கை, பிரம்பு இருக்கை, தூக்கும் காம்பு செருக இரண்டு பக்கமும் இரும்பு வளையம், நாலு மூலையில் தூண், மேலே கம்பி, சுற்றிவரப் பச்சைத் திரை. உன் உம்மா தண்ணீரில் உயிர் பிடித்துக் கிடந்த ஒன்பது நாட்களை நான் மெருகு ஏற்றக் கொடுத்தேன். கடைவீதியே வந்து பார்த்தது. "முதலாளி ஒன்று செய்தால் இப்படித்தான்" என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

மாடிக்கு ஏற்றி உனக்குக் காட்டினேன். நீ திரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாய்.

"இது சந்தூக்கு மாதிரி ஈக்கிது" என்றாய். மையித்தை வைத்து அடக்கத்துக்குத் தூக்கிப் போகிறோமே, அந்தப் பெட்டியைச் சொன்னாய். "உசிரோட ஈக்கிறவங்கள இப்படி மூடித் தூக்க மாட்டாங்க."

"நல்ல காரியத்துக்குப் போகும்போது என்ன பேச்சு இது" என்று எரிந்து விழுந்தேன்.

"விடுங்க. உம்மாவக் கண்டாச் சரி" என்றாய். அதற்குப் பிறகு கதிரையைப் பற்றி நீ பேசவில்லை. அடுப்புக்கு முன்னால் அரை நாள் இருந்து மாமிக்குப் பிடித்த மஸ்கட் அல்வா கிண்டினாய். தண்ணீர் மட்டும் இறங்கும் மனுஷிக்கு மஸ்கட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஆள் நடமாட்டம் கூடுமுன் உன்னை ரிக்‌ஷாவில் ஏற்றி, பஸ்ஸின் பின்பக்கமாக, கடை ஆட்கள் இருவர் போர்வையை விரித்து மறைக்க, இரண்டே எட்டில் தூக்கி உள்ளே வைத்தேன். கதிரை பஸ்ஸின் கூரையில், வாழைக்குலைகளோடு ஏறியது.

"மொதலாளி, கதிரைக்கும் டிக்கட் எடுக்கோணும்" என்று கொண்டக்டர் பல்லைக் காட்டினான்.

"எடுத்தா அது உள்ளுக்கு வந்து உக்காரும். பிறகு நான்தான் கூரையில ஏறோணும்" என்று முக்காட்டுக்குள்ளிருந்து நீ சொன்னாய். பஸ்ஸே சிரித்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு உன் குரலை வெளியாட்கள் கேட்டார்கள். எனக்கு அது கூடப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பேசாமல் வா என்று உன் கையை அழுத்தினேன். வழி முழுக்க நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு வளைவிலும் உன் உதடு அசைந்தது. மரங்களை எண்ணுகிறாயா, ஓதுகிறாயா என்று தெரியவில்லை.

தெல்தோட்டையில் நான் சொல்லி வைத்திருந்த தோட்டத்து ஆட்கள் நால்வர் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவன் முத்தையா. கதிரையைச் சுற்றிவந்து பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டான்.

"மொதலாளி, குறுக்கால போனா ஒத்த மரப் பாலமுங்க. கதிரையோட தாண்ட முடியாது. சுத்து வழின்னா வண்டித் தொறையில எறங்கி ஏறணும், மூணு மைலுக்கு மேல. வானம் வேற கருக்குது. அம்மாவ நீங்க முதுகுல எடுத்துக்கிட்டு முன்னாடி போயிருங்க. சாமான நாங்க கொண்டாறோம். கூலி ஒன்னும் கொறைக்க மாட்டோம்."

கடைசி வார்த்தையைச் சிரிப்புக்காகச் சொன்னான். நான் சிரிக்கவில்லை. குறுக்குப் பாதை தொடங்கும் இடத்தில் அந்தத் தேத்தண்ணிக்கடை. ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கராம்பு விற்கிற ஊராட்கள் பத்துப் பதினைந்து பேர் வாங்குப் பலகையில் இருந்தார்கள். அவர்களில் இருவர் என்னோடு மூட்டை சுமந்தவர்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். அவர்கள் நடுவே, அந்தக் கோட்டோடு, அந்தத் தொப்பியோடு, குந்தி முதுகைக் கொடுத்து உன்னை ஏற்றிக்கொண்டு எழுந்து நடப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"சுற்று வழியிலேயே போங்கள்" என்றேன்.

மார்க்கம் உன்னிடம் கேட்டது தலையில் ஒரு முந்தானை. அதை நீ ஒருநாளும் விட்டதில்லை. எட்டு முழத் திரை நான் போட்டது. உன் கால்கள் தொங்குவதை ஊர் பார்க்கக்கூடாது என்று போட்டேன். ஊர் கேட்டால் மார்க்கத்தைச் சொல்லலாம் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தேன்.

அரை வழியில் மழை பிடித்தது. அந்த ஊர் மழை உனக்குத் தெரியும். ஒரு சுருட்டுப் பற்றவைக்கும் நேரத்துக்குள் மலை மறைந்துவிட்டது. திரை நனைந்து கதிரையின் கால்களில் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்து நீ கேட்டுக்கொண்டே வந்தாய். "எங்க வந்திருக்கிறோம்?" கித்துல் மரத்தடி என்றேன். "எந்தக் கித்துல்?" எனக்குத் தெரியவில்லை. உன் ஊர் வழியில் நீ குருடியாக வந்தாய்.

துறைக்குப் போனபோது ஓயா கரை தட்டி ஓடிற்று. முத்தையா கையிலிருந்த தடியைத் தண்ணீரில் ஊன்றிப் பார்த்தான். தடி முழுதும் போயிற்று.

"ஏறிருச்சிங்க. ஆளே நிக்க ஏலாது, கதிரை எங்கிட்டு" என்றான்.

அப்போதுதான் அக்கரையைப் பார்த்தேன்.

நாங்கள் சுற்றி வருகிறோம் என்று யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உன் தம்பி நின்றான். மழையில், முழங்காலளவு சேற்றில். அவன் முதுகில் உன் உம்மா. ஒரு வெள்ளைத் துப்பட்டியில் பொதிந்து, அவனுடைய தோளில் தாடையை ஊன்றி, நெற்றியில் ஒரு கையை வைத்து மழையை மறைத்துக்கொண்டு மாமி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஊராட்கள் வாழையிலை பிடித்து நின்றார்கள். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை. இருக்க என்ன இருந்தது? மகன் முதுகில் தாய்.

இந்தக் கரையில் ஒரு பச்சைப் பெட்டி.

உன் தம்பி ஏதோ கத்தினான். தண்ணீர் அதைத் தின்றுவிட்டது. ஆனாலும் குரல் உனக்குப் புரிந்தது. "தம்பியா? உம்மாவும் ஈக்கிறாவா?" என்றாய். ஆம் என்று சொல்வதற்குள் உன் கை திரையைப் பிடித்து விலக்கிற்று. நனைந்த துணி எளிதில் ஓடவில்லை. ஒரு சாண் விலகியது. உன் விரல்கள் வெளியே தெரிந்தன.

"மூடு புள்ள. ஆம்புளையள் நிக்கிறாங்க" என்றேன். சொன்னது மட்டும் இல்லை. துணியை இழுத்து என் கையால் சேர்த்துப் பிடித்தேன்.

முத்தையாவும் மற்ற மூவரும் நான் சொல்லுமுன்னே தாமாக மலைப்பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். அது அந்த நேரத்திலேயே எனக்குத் தெரியும். இன்றைக்குக் கண்டுபிடித்தது போல் எழுதினால் உன்னிடம் பொய் சொன்னதாகும்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் உன் தம்பி திரும்பி நடந்தான். அவன் தோளுக்கு மேலே மாமியின் முகம் இந்தப் பக்கம் பார்த்தபடியே போயிற்று. வெட்டுக்கிளி போல் மெலிந்த ஒரு கை அசைந்தது. அதை நான் கண்டேன். நீ காணவில்லை.

மழை பெய்த பிறகு மரப்பாலத்தில் கால் வைக்க ஏலாது. கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. திரும்பினோம். பஸ்ஸில் ஏறுமுன் திரைக்குள்ளிருந்து உன் கை மஸ்கட் பொட்டலத்தை நீட்டிற்று. "அவங்களுக்குக் குடுங்க. பசியோட தூக்கினாங்க."

எட்டாம் நாள் சேதி வந்தது. சேதி கொண்டுவந்தவன் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோதே நடுப்பகல், லுஹர் தொழுகை நேரம். சுபஹுக்கு முன் மாமி மௌத்து, லுஹரோடு அடக்கம். கார் பிடித்தேன். கதிரையை எடுக்கவில்லை. கடைவாசலில், பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க உன்னை முதுகில் ஏற்றிக் காரில் வைத்தேன். தெல்தோட்டையில் அந்தத் தேத்தண்ணிக்கடைக்கு முன்னால் குந்தினேன். வாங்கில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. என்னோடு மூட்டை சுமந்தவன் ஒருவன் முன்னே ஓடிப் பாதையில் கிடந்த கிளையை அகற்றினான். அவ்வளவுதான். இவ்வளவு காலமும் எதைக் கண்டு பயந்தேனோ, அது அவ்வளவுதான்.

மரப்பாலத்தில் நின்றேன். கீழே ஓயா கணுக்காலளவு தெளிந்து ஓடிற்று.

"தண்ணியப் பாக்காதீங்க" என்றாய் காதோரம். "வலது காலை முன்னுக்கு வைங்க. இப்ப இடது. நடுவுல ஒரு முடிச்சி ஈக்கிது, அதுல மிதிக்காதீங்க." பிள்ளையாக ஓடிய மரம். கணுக்கணுவாக உனக்குத் தெரிந்திருந்தது. தாண்டிவிட்டேன். மேட்டில் ஏறினேன். மாமியின் வீட்டு ஓடு தெரிந்தது.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டாய்.

"இல்லை" என்றேன்.

"அப்ப, மழை பெஞ்ச அண்டைக்கும் வாங்கி ஈக்காது."

கோபமில்லாத குரல். சோறு வெந்துவிட்டதா என்று கேட்கும் குரல். அந்த இடத்தில் என் கால் நின்றது. பிறகு உன்னை ஒருதரம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடக்கி முடிந்திருந்தது. மையித்தைக் கழுவிய இடத்தில் மண் ஈரமாக இருந்தது. உன்னைப் பாயில் இறக்கினேன். உன் தம்பி வந்து உன் பக்கத்தில் குந்தினான். நீ கேட்டுத்தான் சொன்னான். "தாத்தா, கடைசிமட்டும் ஒண்டுதான் உம்மா செல்லிக் கொண்டு ஈந்தா. துணியத்தானே கண்டன், புள்ளையக் காணல்லியே எண்டு."

நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாசலில் இருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் புது மண் தெரிந்தது. பொழுது சாயும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாய். ஒரு சொல் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதிலுக்குப் பேசி, சண்டை பிடித்து, எப்படியாவது என் பக்கம் ஒரு நியாயத்தைச் சேர்த்திருப்பேன். வியாபாரி அல்லவா. நீ அதற்கு இடம் தரவில்லை. பெருநாளுக்கு உன் ஊருக்குப் போவோமா என்று கேட்டால், "ஆரப் பாக்க?" என்பாய். ஒரு பின்னேரம் நானாகவே, வாவிக்கரைக்குக் கொண்டுபோகட்டுமா, முதுகில், என்று கேட்டேன்.

"ஆக்கள் பாப்பாங்க" என்றாய்.

என் வார்த்தை. எத்தனையோ முறை நான் சொன்னது. என்னிடமிருந்து பழகி, அது உன்னுடையதாகிவிட்டிருந்தது. அதை எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் முதுகைக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் நீ லேசாகிக்கொண்டு போனாய். நிறை சொல்வதை நான் நிறுத்தியிருந்தேன். நீயும் கேட்கவில்லை.

உன்னை எடுத்த நாளில் கடைவீதி முழுதும் பலகை போட்டு அடைத்திருந்தது. சந்தூக்கை மாடிப்படியில் இறக்கியதும் கூட்டம் நெருக்கிற்று. மையித்தைச் சுமப்பது நன்மை. நாலடிக்கு ஒருவர் தோள் மாற்றிக்கொள்வது வழக்கம். நகை வியாபாரி வந்தார், துணிக்கடைக்காரர் வந்தார், பெயர் தெரியாத ஆட்கள் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது உன்னைக் கண்டிராத, உன் குரல் கேட்டிராத அத்தனை பேரும் உன்னைத் தூக்க முந்திக்கொண்டு வந்தார்கள். சந்தூக்கின் மேல் போர்வை பச்சை.

முன்காம்பு என் தோளில். மறுபுறக் காம்பு உன் தம்பியின் தோளில்.

"மாத்துங்க மொதலாளி, எங்களுக்கும் நன்மை ஓணும்" என்றார்கள் பின்னாலிருந்து. நான் மாற்றவில்லை. கடைக்கு முன்னால், பஸ் நிற்குமிடத்துக்கு முன்னால், வாவியின் ஓரத்தில், இந்த ஊரில் உன்னைத் தூக்கி நடக்க வெட்கப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் தாண்டினேன். யாழ்ப்பாணத்து டாக்டர் ஓரமாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் என் தோளைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"மச்சான், மாத்துங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றான் உன் தம்பி.

வாங்கத்தான் செய்தது. அன்றைக்குத்தான் வாங்கியது.

இந்தக் கதிரையை உடைக்கப் போவதில்லை. வைத்துக்கொள்ளவும் மனமில்லை. சுவரோடு நிற்கட்டும். மழை முடிந்து மூட்டைகள் வந்தால் மறைந்துவிடும்.

சுபஹுக்குப் பிறகு இன்னும் உன் கட்டிலுக்கு முதுகு காட்டிக் குந்துகிறேன். வேண்டுமென்று செய்வதில்லை. உடம்பு தன்பாட்டில் போய்க் குந்துகிறது. கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்துகிறேன், உன் கை எட்டுவதற்காக. ஒன்றும் ஏறுவதில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, ஏறாத அந்தப் பாரத்தோடு படியிறங்கிக் கடையைத் திறக்கிறேன்.